மூச்சு முட்ட வைப்பது யார்?

கபடி பார்க்கும்போது எல்லோர் கண்ணும் ரெய்டு போகிறவரின் காலில்தான் இருக்கும். எந்தப் பக்கம் பாய்வார், யாரைத் தொடுவார் என்று. அடுத்த ஆட்டத்தில் காலை விட்டுவிட்டு அவருடைய வயிற்றையும் நெஞ்சையும் மட்டும் கவனியுங்கள். நடுக்கோட்டைத் தாண்டும் முன் ஒரு மூச்சு இழுப்பார். வயிறு முன்னால் வரும், விலா அகலும். அதோடு சரி. பிறகு ‘கபடி கபடி கபடி’தான். நடுவில் பாட்டு அறுந்தால் அவுட். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. இழுத்த அந்த ஒரே மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டே ஓட வேண்டும், எகிற வேண்டும், நாலு பேர் காலைப் பிடித்தாலும் கோட்டை எட்டித் தொட வேண்டும்.

நேரம் ஆக ஆக அவருக்கு உள்ளே ஒரு நச்சரிப்பு தொடங்கும். ‘இழு, இழு, ஒரு மூச்சாவது இழு’ என்று. நீங்களும் விளையாடியிருந்தால் அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஏன் அப்படி ஆகிறது? ‘உடம்பில் ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அதான்’ என்று வகுப்பில் எல்லாக் கையும் உயரும். அது முக்கியக் காரணமே இல்லை. உண்மையான ஆளைப் பிடிக்கும் முன், அவர் இழுத்த மூச்சின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய் வருவோம்.

முதலில் ஒரு விஷயம். நுரையீரலுக்கு விரிந்து சுருங்கச் சொந்தத் தசை கிடையாது. அது தானாக எதையும் இழுப்பதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கிக் கவிந்த ஒரு தசைத்தகடு இருக்கிறது, பெயர் உதரவிதானம். அது இறுகும்போது தட்டையாகிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் கூண்டை மேலே தூக்குகின்றன. நெஞ்சுக்குள் இடம் பெரிதாகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானே பாய்ந்து வருகிறது. ரெய்டருக்கு வயிறு முன்னால் வந்தது அதனால்தான். காற்று வயிற்றுக்குப் போகவில்லை. உதரவிதானம் இறங்கிக் குடலையும் ஈரலையும் தள்ளிவிட்டது, அவை ஒதுங்க வேறு இடமில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் ஒரு மூச்சுக்கு இழுப்பது சுமார் அரை லிட்டர்தான். ரெய்டர் முட்ட இழுத்தால் நாலு, நாலரை லிட்டர் வரை போகும். எவ்வளவுதான் ஊதித் தள்ளினாலும் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று உள்ளேயே தங்கிவிடும். அதை யாராலும் வெளியே தள்ள முடியாது.

மூக்கு வழியாக வந்தால் காற்று வெதுவெதுப்பாகி, ஈரமாகி, தூசு கழிந்து உள்ளே போகும். வாய் வழியாக வந்தால் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. வேகம் மட்டும் உண்டு. இரண்டு வழியும் தொண்டையில் சேர்கின்றன. சிக்கலே இங்கேதான். சோறு போகும் பாதையும் காற்று போகும் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலே ஏற, அதன் மூடி கவிந்து காற்றுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சிரித்தால் மூடி தடுமாறும், புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி உச்சந்தலையில் தட்டுவார். நினைப்பவர் பெயர் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் உங்களைக் காப்பாற்றுவது தட்டு அல்ல, இருமல்.

கழுத்தின் முன்பக்கம், தொண்டை எலும்புக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகத் தடவுங்கள். வரிவரியாகத் தட்டுப்படும். அவை மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள். குழாய் சப்பிப் போகாமல் அவைதான் திறந்து வைத்திருக்கின்றன. வளையம் முழு வட்டம் இல்லை; பின்பக்கம் திறந்திருக்கும். அந்தப் பக்கம் உணவுக்குழாய் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. பெரிய உருண்டை இறங்கும்போது அது சற்றுப் புடைத்துக்கொள்ள இடம் வேண்டாமா?

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கக் கிளை அகலம், ஏறக்குறைய நேராகவே இறங்கும். இடப்பக்கம் இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தக் கிளை ஒல்லி, சாய்வும் அதிகம். நிலக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடும் சின்னப் பிள்ளைக்குக் கடலை உள்ளே போய்விட்டால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது வலப்பக்கத்தைத்தான். தம்பி தங்கைக்குக் கடலை கொடுத்தால் உட்கார வைத்துக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு நாலாக, நாலு எட்டாக, ஏறத்தாழ 23 முறை கிளை பிரிகிறது. கடைசிக் கிளைகளின் நுனியில் காற்று நுண்ணறைகள். ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். அத்தனையையும் பிரித்து விரித்துப் பரப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் எதிரணியின் பாதியை நிரப்பிவிடும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ரெய்டர் எந்தப் பாதிக்குள் நுழைகிறாரோ அந்த அளவுக்குப் பெரிய ஒரு பரப்பை நெஞ்சுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு போகிறார்!

இவ்வளவு சின்ன அறைகளில் ஒரு ஆபத்து இருக்கிறது. உட்சுவர் ஈரமானது. ஈரமான பாலிதீன் பை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்கவே வராதே, அதே தொல்லை இங்கேயும் வரலாம். வராமல் இருப்பதற்குக் காரணம் நுரையீரலே சுரக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற ஒரு வழவழப்பான பொருள். தாய் வயிற்றில் குழந்தைக்கு இது போதுமான அளவு சேர்வது 34, 35 வாரம் ஆகும்போதுதான். அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தை ஒவ்வொரு மூச்சையும் போராடித்தான் இழுக்க வேண்டியிருக்கும். அதற்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் இல்லாததுதான் என்று 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி காட்டினார். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்த மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன், இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அதுதான் கதி. 1980இல் ஜப்பானிய மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டார். உங்கள் பள்ளியில் குறைமாதத்தில் பிறந்து இன்று உங்களோடு ஓடியாடுகிற யாராவது இருக்கலாம். அவர்களில் சிலர் அந்த மருந்தால் பிழைத்தவர்களாகவும் இருக்கலாம்.

நுண்ணறையின் சுவரை ஒட்டியே மிக மெல்லிய இரத்த நாளங்கள் ஓடுகின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு, நம் தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. ஆக்சிஜன் அதைக் கடந்து சிவப்பணுவுக்குள் நுழைகிறது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய ஒற்றை வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டுதான் அந்த நாளத்தைக் கடக்கின்றன. நாம் சும்மா இருக்கும்போது ஒரு சிவப்பணு அங்கே இருப்பது முக்கால் வினாடி. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும். ஓடும்போது இரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் வெறுங்கையோடு திரும்பாதபடி இந்த மிச்ச நேரம் காப்பாற்றுகிறது.

ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் நாலு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 கோடியைத் தாண்டும். ஹீமோகுளோபின் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் இரத்தத்தில் 3 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் கரையும். அது இருப்பதால் 200 மில்லிலிட்டர்.

இரத்தம் அதைத் தசைக்கும் மூளைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் உணவிலிருந்து ஆற்றல் பிரித்தெடுக்கப்படுகிறது. நீங்கள் இழுத்த ஆக்சிஜன் அங்கே ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராக மாறிவிடும். ஆமாம், தண்ணீர்! வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பன், தின்ற சாப்பாட்டிலிருந்து வந்தது. காலையில் சாப்பிட்ட இட்லியின் கார்பனில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் வெளியே போகிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் விடும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். காற்றுக்கு எடை கிடையாது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். கொரோனா காலத்தில் பல வீடுகளில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினார்கள், விரலில் கவ்வும் சின்னக் கருவி. 1974இல் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்ட இரத்தம் கருஞ்சிவப்பு. கருவி விரல் வழியே சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, எது எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று பார்த்து எண்ணைச் சொல்கிறது. உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அயோயாகி காலமானார்.

அதை மாட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சைப் பிடியுங்கள். எண் 98 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வினாடி, 30 வினாடி. நெஞ்சு முட்டுகிறது, நச்சரிப்பு தாங்கவில்லை, விட்டுவிடுகிறீர்கள். எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுக்கு மேல் இறங்கியிருக்காது. ஆக்சிஜன் தீரவே இல்லை! நாம் சாதாரணமாக வெளியே விடும் காற்றில்கூட இன்னும் 16 சதவீதம் ஆக்சிஜன் பாக்கி இருக்கிறது. உள்ளே இழுத்தபோது இருந்தது 21.

அப்படியானால் நச்சரித்தது யார்? கார்பன் டை ஆக்சைடு. அது வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் சேரச் சேர, இரத்தத்திலும் மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் அமிலத்தன்மை கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் முகுளம் என்ற இடத்தில் இதைக் கண்காணிக்கும் உணர்விகள் உள்ளன. துளி கூடினாலும் உதரவிதானத்துக்குக் கட்டளை பறக்கும்.

இதை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. காற்றுப் புகாத பெட்டிக்குள் தானே போய் உட்கார்ந்து, மூச்சு எப்போது வாங்குகிறது என்று அளந்த ஆள். வெளிவிட்ட காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, ஆக்சிஜன் வெகுவாகக் குறையும் வரை மூச்சு வாங்கவே இல்லை. 1905இல் பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து முடிவை வெளியிட்டார். (ஆக்சிஜனைக் கண்டுபிடித்த பிரீஸ்ட்லி வேறு. அவர் அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.)

ஆக்சிஜனைக் கவனிக்கும் உணர்விகள் கழுத்தில் இருக்கின்றன. ஆனால் அவை கொஞ்சம் சோம்பேறிகள். ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் உரக்கக் குரல் கொடுக்கும். இங்கேதான் கிணற்றில் குதிக்கிற அண்ணன்மார் கவனமாக இருக்க வேண்டும். நீருக்குள் அதிக நேரம் இருக்கலாம் என்று சிலர் குதிக்கும் முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு விடுவார்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. இரத்தம் ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் கழிந்துவிடும். எச்சரிக்கிற ஆளை வெளியே அனுப்பிவிட்டுத் தண்ணீருக்குள் போவதாக அர்த்தம். மூச்சு முட்டாது, சுகமாகவே இருக்கும். அதற்குள் மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்து, முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் இப்படி மூழ்கியிருக்கிறார்கள். இந்தப் போட்டி வேண்டவே வேண்டாம், யார் சவால் விட்டாலும்.

இன்னொரு வேடிக்கை. மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னபடியும் நடக்கும். இதயத்தை நிற்கச் சொல்லிப் பாருங்கள், கேட்காது. மூச்சு கேட்கும், கொஞ்ச நேரம். அதனாலேயே உங்கள் மூச்சை நீங்களே எண்ணினால் கணக்கு சரியாக வராது. கவனிக்கத் தொடங்கியதுமே அதன் போக்கு மாறிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20, உங்கள் வயதில் சுமார் 18 முதல் 25 என்று இருக்க வேண்டிய எண், எண்ணும்போது இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். நர்ஸ் அக்காமாருக்கு இது தெரியும். ஆஸ்பத்திரியில் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்களே, நாடி எண்ணி முடித்த பிறகும் பல சமயம் கையை விடமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கண் உங்கள் நெஞ்சின் மேல் இருக்கும்.