அணங்கு: அடக்கப்பட்ட ஆற்றலா?

சங்க இலக்கியம் கற்பிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘அணங்கு’. தெய்வப்பெண், அழகிய பெண் என்று பொருள் கூறி நாம் அதனை எளிதில் கடந்துவிடுகிறோம். மேலைநாட்டு ஆய்வுலகிலோ இச்சொல் வேறொரு கருத்தாக்கமாக உருப்பெற்றுள்ளது. அக்கருத்தாக்கத்தைச் சங்கச் சொல்லின் பொருளாகவே கொள்ளலாமா என்பதை ஈண்டு நோக்குவோம்.

பண்டைத் தமிழ்ப் பாடல்கள் குறித்து 1975இல் வெளியிட்ட நூலில் ஜார்ஜ் ஹார்ட், அணங்கு என்பது அச்சந்தரும் புனித ஆற்றல் என்றார். அது பெண்ணிடம் சிறப்பாக உறைவது. கற்பால் அடங்கி நிற்கும்வரை நன்மை பயப்பது. கட்டு நீங்கின் அழிவு தருவது என்பது அவர்தம் விளக்கம். கைம்மை நோன்பையும் அவர் இவ்வடிப்படையிலேயே விளக்கினார். மதுரையை எரித்த கண்ணகியை நினைப்பார்க்கு இது பொருத்தமாகவே தோன்றும்.

எனினும், 1986இல் வி. எஸ். ராஜம் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக ஆய்விதழில் இதனை மறுத்தார். பரந்த பொருளுடைய சொல்லொன்று பெண்ணின் புனித ஆற்றல் எனக் குறுக்கப்பட்டுள்ளது என்பது அவர் வாதம். நூற்சான்றுகள் இதற்கு அரண் செய்கின்றன. மலைக்கும் கடலுக்கும் முருகனுக்கும் அணங்கு உண்டெனச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நான்கு களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றைச் சுட்டுகிறது. வினையாக வருங்கால் ‘வருத்துதல்’ என்பதே இதன் பொருள். தலைவியின் அழகு தலைவனை வருத்துவதைக் கூறும் திருக்குறளின் 109ஆம் அதிகாரம் ‘தகையணங்குறுத்தல்’ எனப் பெயர்பெற்றமையும் இதனாலேயாம்.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாடல் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. களத்தில் ஒடுங்கி நின்ற குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் அஞ்சி ஒதுங்கி நிற்கும் மாதவிலக்குற்ற மகளிர் உவமையாகின்றனர். அப்பாடலில் அணங்கு முருகனுக்கு உரியது. விலக்கு மகளிருக்கு உரியது. அணங்கைப் பெண்ணாற்றல் என்றே கொண்டு படிப்பவர், பாடல் முருகன்மேல் வைத்ததை மகளிர்மேல் ஏற்றிவிடுவர்.

ஆகவே, அடக்கம் என்னும் கூறு இச்சொல்லின் பொருளில் இல்லை. கற்பு, கைம்மை முதலிய நெறிகளோடு இச்சொல்லை இணைத்துக் காணும் இக்கால ஆய்வாளர் சேர்த்தது அது. ஹார்ட்டின் விளக்கத்தை ஒரு கோட்பாடாக மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம். அருஞ்சொற்பொருளாக எழுதித் தருதல் தகாது. அவ்வாறு தருவோமாயின், பெண் என்பவள் கட்டுப்படுத்தப்பட வேண்டிய ஆபத்து என்னும் கருத்தைப் பழந்தமிழ்ச் சொல்லே கூறுவதாக அவர்கள் நம்புவர். அணங்கு எதனிடம் உள்ளது, அது யாரை வருத்துகிறது என்னும் இரு வினாக்களையும் ஒவ்வொரு பாடலிலும் எழுப்புவதே நாம் கைக்கொள்ளத்தக்க முறையாகும்.