பழைய சவரக்கத்தியைச் சீரமைத்தல்

சவரக்கத்தி என்பது கைப்பிடிக்குள் மடங்கும் எஃகுக் கத்தி ஆகும். தமிழகத்தில் முடிதிருத்துவோர் இதைக் கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிப் பயன்படுத்தினர். செருமனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் செபீல்டு ஆகிய நகரங்கள் இக்கத்திகளுக்குப் பெயர்பெற்றவை. 1904இல் கிங் கேம்ப் ஜில்லெட் பாதுகாப்புச் சவரக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மாற்றத்தக்க பிளேடுகள் பரவியதால் பழைய கத்திகள் பெட்டிக்குள் துருவேறின.

சோதித்தல்

விரிசல் விட்ட கத்தியைச் சீரமைக்கக் கூடாது, சவரத்தின்போது உடையலாம். வாயோரம் ஆழமான துருக்குழி இருந்தால் கூர் நிற்காது.

துரு நீக்கல்

எண்ணெய் தடவிய நுண்ணிய உப்புத்தாளால் கையால் தேய்ப்பதே பாதுகாப்பானது. மின்சாணையில் மெல்லிய வாய் விரைவில் சூடேறும். எஃகு நீலநிறமானால் அதன் பதம் போய்விட்டது எனப் பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது.

தீட்டல்

முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிப்பே தீட்டும் கோணத்தைத் தீர்மானிக்கிறது. எனவே முதுகை அதிகம் தேய்த்தால் கோணம் மாறிவிடும். 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000 என நுண்மையான கற்களுக்குச் செல்வர். கல்லில் வாய் முன்னாகவும், தோல்வாரில் முதுகு முன்னாகவும் கத்தி நகர வேண்டும். தோல்வாரில் இது மாறினால் தோல் வெட்டுப்படும், கூரும் மழுங்கும்.

பாதுகாப்பு

எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவை இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. ஆதலால் சீரமைத்த கத்தியைக் கிருமிநீக்கம் செய்து, ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சவரத்திற்குப் பின் ஈரம் துடைத்து எண்ணெய் பூசினால் மீண்டும் துருப்பிடிக்காது.