முதுகு வலியும் கைச் சிகிச்சையும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காட்டில், சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய காலந்தொட்டு, சேர்வராயன் மலையின் தோட்ட வேலை மனித முதுகையே பெரிதும் நம்பியிருக்கிறது. சரிவில் கால் ஊன்றிக் குனிந்தும் எட்டியும் பழம் பறிப்பதும், நிறைந்த மூட்டையைச் சுமந்து இறங்குவதும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்காக ஏணியில் ஏறி நிற்பதும் இடுப்பையும் தோளையும் வருத்துகின்றன. இத்தகைய வலிக்கு மசாஜ், கைரோபிராக்டிக் போன்ற கைச் சிகிச்சைகளை நாடலாமா, அவை எந்த அளவுக்குப் பயன் தரும் என்னும் கேள்விகளுக்கு அறிவியல் ஓரளவு விடைகளைத் தருகிறது.

தசை, தசைநார் போன்ற மென்திசுக்களை அழுத்தியும் பிசைந்தும் நீவியும் இறுக்கத்தைத் தளர்த்துவது மசாஜ். சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைகளாகப் பகுத்துள்ளது. கைரோபிராக்டிக் என்பதோ முதுகெலும்பு மூட்டுகளின்மீது கையால் விரைவான, குறுகிய உந்துதலைச் செலுத்தும் முறை. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் இதனைத் தொடங்கினார். முதுகெலும்பின் இடப்பிசகே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று அவர் கொண்ட கருத்தை இன்றைய ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.

உந்தும்போது எழும் ‘டக்’ என்ற ஒலியைக் கேட்டு, விலகிய எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், மூட்டுக்குள் உராய்வைக் குறைக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறைவதால் ஏற்படும் வாயுக் குமிழி மாற்றத்தோடு தொடர்புடைய ஒலி அது. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் இதுவே. ஆகவே ஒலி எழுந்தது என்பது குணமடைந்ததற்குச் சான்றாகாது.

உலகெங்கும் 2020இல் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியால் துன்புற்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறை, நெடுநாள் நீடிக்கும் கீழ் முதுகு வலிக்கு முதுகெலும்பு உந்துதலையும் மசாஜையும் ஏற்கத்தக்க சிகிச்சைகளாகக் குறிப்பிட்டாலும், அவற்றுக்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் தெரிவிக்கிறது. உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய புரிதலையும் அது பரிந்துரைக்கிறது. பலரும் வாங்கி அணியும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. கைச் சிகிச்சை தரும் ஆறுதலைப் பயன்படுத்திக்கொண்டு நடமாட்டத்தையும் பயிற்சியையும் படிப்படியாகக் கூட்டுவதே பயன் தரும் வழி.

யார் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. மிளகு ஏணியிலிருந்து விழுந்தவருக்கு, எலும்பு முறிவு இல்லையென உறுதியாகும் முன்பு சுளுக்கு எடுப்பதும் நீவி விடுவதும் கேட்டையே விளைவிக்கும். எலும்பு அடர்த்தி குறைந்த முதியோர், புற்றுநோய் வரலாறு உள்ளோர், காய்ச்சலோடு முதுகு வலி கண்டோர் ஆகியோர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். கழுத்தைச் சடுதியில் திருப்பும் உந்துதலை அடுத்து, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியுள்ளன. ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால், அங்கே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனைப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவதும், தொடையிடுக்கு மரத்துப்போவதும், கால் வலுவிழப்பதும் தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறிகள்.

இந்தியாவில் இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி, 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. சித்த மருத்துவர்களுக்கும் முறையான பட்டமும் பதிவும் உண்டு. எனவே உடலை ஒப்படைக்கும் முன்பு சிகிச்சை அளிப்பவரின் படிப்பையும் பதிவையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை. நோய் வரலாற்றைக் கேளாமல், உடலைச் சோதிக்காமல் நேரே முதுகில் கை வைப்பவரிடம் எவரும் சிகிச்சைக்குச் செல்லலாகாது.