வானத்தால் கிட்ட, தெருவால் எட்ட: திரியாய்க்காரரின் விமானச் சந்தேகங்கள்

கொழும்பு – திருகோணமலை விமானத் தூரம் 208 கிலோமீற்றர் என்று இணையம் சொல்கிறது. பஸ்ஸில் போனால் 260 வருகிறதே?

இரண்டும் சரி. 208 என்பது கட்டுநாயக்க ஓடுபாதைக்கும் சீனன்குடா ஓடுபாதைக்கும் இடையிலான நேர்த்தூரம். கட்டுநாயக்க கொழும்பு நகரமல்ல, அதற்கு வடக்கே சுமார் 30 கிலோமீற்றர். சீனன்குடாவும் திருகோணமலைப் பட்டினத்துக்கு வெளியேதான். இணையம் இதையெல்லாம் சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் நீட்டும்.

அப்படியானால் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாமே?

பெரிய ஜெட் என்றால் சரி. சீனன்குடா விமானப்படைத் தளம். அங்கு வந்துபோகும் உள்நாட்டுச் சேவைக்கு செஸ்னா கரவன் என்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானம். ஒரு வானில் ஏறும் அளவுக்குத்தான் ஆட்கள், பொதியும் மட்டு. (அதன் மாதிரி இலக்கமும் 208தான், தற்செயல்.) முழு வேகத்திலும் மணிக்கு 340 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலெழுவது, இறங்க முறை பார்ப்பது எல்லாம் அட்டவணை நேரத்தில் அடக்கம். வழியில் இன்னோரிடத்தில் இறங்கி ஏறினால் அதுவும் சேரும்.

சென்னைக்குப் போக எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி கிட்டவா, கட்டுநாயக்கவா?

வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் பலாலிதான். திரியாயிலிருந்து பலாலி ஏறக்குறைய 142 கிலோமீற்றர், கட்டுநாயக்க 222. ஆனால் புல்மோட்டை தாண்டியதும் கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரம் குறுக்கே கிடக்கிறது. ஆகவே வடமேற்கே உள்ள யாழ்ப்பாணத்துக்குப் போக, முதலில் தெற்கே திருகோணமலைக்கு வந்து, ஹொரவப்பொத்தானை, வவுனியா என்று சுற்றுவதே வழக்கம். அளவுகோலுக்குக் களப்புத் தெரியாது.

வானத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பலாலி – சென்னை சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்க – சென்னை 645. முன்னதில் பறப்பது சுழலி வைத்த ஏ.டி.ஆர். விமானம், பின்னதில் ஜெட். தூரம் பாதியாகியும் பயண நேரம் பெரிதாகக் குறைவதில்லை. இரண்டுமே ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலக் கணக்குத்தான். பலாலியைத் தெரிவு செய்வதானால் கட்டணத்தையும் பொதி அளவையும் பார்த்துச் செய்யுங்கள், கிலோமீற்றரைப் பார்த்து அல்ல.

மகன் லண்டனிலிருந்து வரும்போது நேரம் குறைவு, போகும்போது கூட. ஏன்?

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்த்து நிற்கும். டிக்கெற்றில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கு. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. கோடையில் இங்கே பகல் ஒரு மணிக்கு ஏறி லண்டனில் இரவு ஏழரைக்கு இறங்கினால் பறந்தது ஆறரை மணித்தியாலமல்ல, பதினொன்று.

கட்டுநாயக்கவுக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?

சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தி அங்கே நிற்க வேண்டும். திரியாயிலிருந்து திருகோணமலைக்கே 45 கிலோமீற்றர் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வான் பிடித்தால் குருநாகலிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கொழும்புக்குள் போகத் தேவையில்லை. ரயில் என்றால் கொழும்புக் கோட்டை வரை போய்த் திரும்பி வடக்கே வர வேண்டும். ராகமவில் நிற்கிற ரயிலாக இருந்தால் அங்கேயே இறங்கிவிடலாம்.