சேர்ந்தே போவோம் (தொடர்): எழும்பூரில் எடுத்த கொழும்பு டிக்கெட்

காலிமுகத் திடலில் இறால் வடையும் கடல்காற்றுமாகக் கொழும்பைச் சுற்றிக்கொண்டிருந்த நம் சென்னைத் தம்பதியைப் போன வாரம் கோட்டை ரயில் நிலையத்தில் தலைமன்னார் போகும் இரவு வண்டி ஏற்றிவிட்டிருந்தோம்.

பொழுது விடியும் நேரத்தில் ரயில் மன்னார்த் தீவுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அலசிக்கொண்டு நிற்கும் பூநாரைக் கூட்டம். மனைவி ஜன்னலை விட்டு நகரவில்லை. ஊர் என்றால் நல்ல ஹோட்டலும் கடைத்தெருவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற கணவரும்கூட எழுந்து வந்து பார்த்தார். இங்குள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது; 2010-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பனிக்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வரும் பறவைகளுக்கு இதுதான் தங்குமிடம். இந்த வாரம் முழுக்க அந்தப் பறவைகளைப் பற்றித்தான் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். ஆனால் தலைமன்னார் இறங்குதுறை இந்தக் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பறவைகள் அடுத்த வாரம்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ஒரே ஒரு டிக்கெட் வாங்கினால் போதும், கொழும்பில் போய் இறங்கலாம். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் ரயில் தனுஷ்கோடித் துறைமேடை வரை போகும்; அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். அந்தக் கரையில் இறங்கினால் தலைமன்னார் துறையில் கொழும்பு ரயில் தயாராக நிற்கும். கப்பல்களுக்கு ‘இர்வின்’, ‘கோஷன்’ என்று வைசிராய், கவர்னர் பெயர்கள். ரயில் பாதிக் கடல் பாதியாகப் போன அந்தப் பயணத்தின் பெயர்தான் போட் மெயில். இன்றும் சென்னையிலிருந்து இராமேஸ்வரம் போகும் வண்டியைத் தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்கள் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். கப்பல் நின்று நாற்பது வருஷம் ஆகியும் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கும்பகோணத்தில் வண்டி ஏறிக் கண்டிக்குப் போய்வருவது, ஊட்டிக்குப் போய்வருவது மாதிரியான காரியமாக இருந்தது.

அதே துறையில் வேறு தம்பதிகளும் இறங்கினார்கள். தேயிலைத் தோட்ட வேலைக்கு ஆள்சேர்க்கப்பட்டுப் போனவர்கள். ரயில் வருவதற்கு முன்பு அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியில் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். ரயிலும் கப்பலும் அந்த நடையை நிறுத்தின. ஆனால் மண்டபம் முகாமில் அடைத்துவைத்து நோய் சோதித்துத்தான் அவர்களைக் கப்பலேற்றினார்கள். சுற்றுலா எழுதும்போது இந்தப் பயணிகளை விட்டுவிட்டு எழுதுவது நியாயமே அல்ல.

1964 அக்டோபர் 30-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவாகிறது. அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலை கொண்டுபோயிற்று. அந்தச் சமயம் இராமேஸ்வரம் வந்திருந்த ஒரு தம்பதியைத் தமிழகம் முழுவதும் அறியும்: ஜெமினி கணேசனும் சாவித்திரியும். புயலில் சிக்கி, உயிர் தப்பி ஊர் திரும்பினார்கள்.

அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. ‘ராமானுஜம்’ என்ற கப்பலில்தான் தாயகம் திரும்பியோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். எண்பதுகளில் இலங்கை உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தியது. 1990-ல் தலைமன்னார் ரயிலும் நின்றது. இந்திய உதவியோடு பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச் 14-ல் பிரதமர் மோடி தலைமன்னாரில் கொடியசைத்தார். ரயில் மீண்டும் கடற்கரை வரை வந்தது; கப்பல்தான் இல்லை.

நம் தம்பதி பார்த்தது பழைய இறங்குதுறையை. கடலுக்குள் வரிசையாக இறங்கும் இரும்புத் தூண்கள். துரு ஏறி, அடுக்கடுக்காக உரிந்து, நீர் படும் இடத்தில் இடுப்பு சிறுத்துப்போனவை. மேலே கட்டைகள் பல இடங்களில் இல்லை. ஆட்டோக்காரத் தம்பி எட்ட நின்றே கையை நீட்டிக் காட்டினார். “எங்கட அப்பப்பா இதாலதான் அக்கா, இராமேஸ்வரத்துக்குப் போனவர். காலையில வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாடு அங்கதானாம்.” கணவர் செல்போனில் வரைபடத்தைத் திறந்தார். சென்னையிலிருந்து விமானம், கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயில். இவ்வளவும் சுற்றி வந்து நிற்பது தமிழ்நாட்டுக் கரைக்கு எதிரே! கொழும்பு ஹோட்டல் அறையைப் பற்றி அதுவரை பேசிக்கொண்டிருந்தவர், திரும்பும் வழி நெடுகக் கப்பலைப் பற்றியே பேசினார்.

திரும்பும் வழியில் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவின் மரம், அரபு வணிகர்கள் நட்டது என்பது ஊர்ப்பேச்சு. உயரம் ஏழரை மீட்டர், அடிமரத்தின் சுற்றளவோ பத்தொன்பதரை மீட்டர். நிழலில் கழுதைகள் படுத்திருந்தன. இரவு மன்னார் நண்டுக் கறி. காரம் தாங்காமல் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்டார்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட முடிந்திருக்கிறது. அதைவிடக் குறைந்த தூரம் இது. இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலை இரண்டு அரசுகளும் மீண்டும் ஓடவிட வேண்டும். மீனவர் பிரச்சினையைச் சாக்காகச் சொல்லித் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. ஆட்கள் போய்வந்து முகம் பார்த்துப் பேசிக்கொண்டால் மீனவர் பேச்சுவார்த்தைக்கும் அது நல்லதுதான்.

அடுத்த வாரம் வங்காலைப் பறவைகளோடு அரிப்புக் கடற்கரையும். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட கவர்னர் நோர்த் கட்டிய டோரிக் மாளிகை அங்கே மண்மேட்டோடு சரிந்து கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா பாட்டி போட் மெயிலில் இலங்கை போனவர்களா, ‘ராமானுஜம்’ கப்பலில் வந்தவர்களா? பழைய டிக்கெட்டோ, துறைமேடையில் எடுத்த படமோ, அவர்கள் சொன்ன கதையோ இருந்தால் எழுதி அனுப்புங்கள். இந்தத் தொடரில் அவர்கள் பயணத்துக்கும் இடம் உண்டு.