108 மணியில் எட்டு குறைந்தால்

பௌத்தர்களின் ஜெபமாலையில் 108 மணி. உருட்டிப் பழகிய விரலுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். 1865இல் திபெத்துக்குள் நுழைந்த ஒருவரின் கையில் இருந்த மாலையில் மட்டும் 100 மணிதான். வழியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் தலை தப்பியிருக்காது.

அவர் நைன் சிங் ராவத். இமயமலை அடுக்கில், குமாவுன் பகுதியின் மிலம் ஊர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். 1863இல் பிரிட்டிஷ் இந்தியாவின் சர்வே துறை அவரையும் உறவினர் மணி சிங்கையும் தேர்ந்தெடுத்து டேராடூனில் பயிற்சி கொடுத்தது. அந்நியர்களுக்குக் கதவடைத்திருந்த திபெத்தை வியாபாரி, யாத்ரீகர் என்று வேடம் போட்டு நடந்தே அளந்துவர வேண்டும். அதுதான் வேலை.

இந்த ஆட்களின் கதையிலிருந்துதான் 1901இல் ரட்யார்டு கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலுக்கு ரத்தம் கிடைத்தது. லாகூர்த் தெருக்களில் திரிந்த ஐரிஷ் அனாதைச் சிறுவனை உளவு வேலைக்கு இழுத்துப் பழக்குகிற கதை அது. பள்ளிப் பையனை ஒற்றனாக்கும் நாவல்களுக்கெல்லாம், 14 வயது அலெக்ஸ் ரைடர் வரைக்கும், மூத்த பாட்டன் என்று இதைச் சொல்லலாம். ஆனால் நைன் சிங் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. சிறுவனாக்கியது நாவலாசிரியரின் சாமர்த்தியம். யார் கண்ணிலும் படாமல் நுழைய, நாலு பாஷை பேச, கேட்க நாதியில்லாமல் இருக்க, தெருப் பையனைவிடத் தோதான ஆள் யார்? எனக்கென்னவோ, நிஜத்தில் நடந்ததுதான் அதைவிட விசித்திரமாகப் படுகிறது. அங்கே ஒற்றனின் கருவி துப்பாக்கி அல்ல, கால்.

இந்தியாவை அளக்கும் பெரும்பணி 1802இல் நம் பரங்கிமலைப் பக்கத்தில், சங்கிலி பிடித்து அளந்த சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டிலிருந்து தொடங்கியது. கோணம் பார்க்க, அந்தப் பணியைத் தொடங்கிய லாம்டன் கொண்டுவந்த தியோடலைட் அரை டன் எடை. அதைத் தூக்கிக்கொண்டு திருட்டுத்தனமாக எந்த நாட்டுக்குள் போக முடியும்? ஆகவே மனிதனையே சங்கிலி ஆக்கினார்கள். ஏற்றமோ இறக்கமோ சமவெளியோ, ஒரு காலடி 33 அங்குலம் என்று நைன் சிங்கின் காலைப் பழக்கினார்கள். நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடியும்போது 10,000 காலடி, அதாவது எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 108 மணியோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், எட்டு மணி ஏன் உதிர்ந்தது என்று புரியும். கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அளவுக் குறிப்புகள். யாராவது பேச்சுக் கொடுக்க வந்தால் சக்கரத்தைச் சுழற்றி ஜெபத்தில் மூழ்கிவிடுவார். பக்திமானைத் தொந்தரவு செய்ய யாருக்கும் மனம் வராது.

காலடியை நம்பி நாடளக்கலாமா? ஒவ்வொரு காலடியிலும் ஓர் அங்குலம் கூடவோ குறையவோ விழுகிறது என்று வையுங்கள். பத்து லட்சம் காலடியில் பிழை பத்து லட்சம் அங்குலம் ஆகிவிடாது. கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கே பிழை வளரும்: ஏறத்தாழ ஆயிரம் அங்குலம், 25 மீட்டர்! ஆனால் களைப்பில் எல்லாக் காலடியும் ஒரே பக்கமாக ஓர் அங்குலம் குறைந்தால் கதை வேறு. தின்ன ஆளில்லாத பிழை கூடிக்கூடி 25 கிலோமீட்டர் ஆகும். பயிற்சி முழுவதும் இந்த இரண்டாவது பிழையை விரட்டத்தான்.

அதற்கும் மேல் ஒரு காவல் வைத்தார்கள், வானத்தை. பெட்டியின் கள்ள அறையில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட், சோழிக்குள் பாதரசம். இரவில் பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினால் அலுங்காத கண்ணாடி. நட்சத்திரத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையிலான கோணத்தில் பாதி, அதன் உயரக் கோணம். அதிலிருந்து அட்சரேகை. உயரத்துக்கோ வெந்நீர் போதும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதிக்கிறது. கடற்கரையில் 100 டிகிரி என்றால் 3,650 மீட்டர் உயரத்து லாசாவில் 88 டிகிரி சொச்சம். தேநீர் போடுவதாகப் பாவனை செய்தபடி ஊரின் உயரத்தை அளந்துவிடலாம். அந்தப் பயணத்தில் நைன் சிங் நடந்தது சுமார் 1,200 மைல், அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட காலடிகள்.

கிம்முக்கு நாவலில் இன்னொரு பயிற்சியும் உண்டு. தட்டில் கற்களைப் பரப்பி, கொஞ்ச நேரம் காட்டி, மூடிவிட்டு என்னென்ன இருந்தன என்று கேட்பார்கள். பேடன் பவல் இதைச் சாரணர் விளையாட்டாகவே ஆக்கிவிட்டார். இதனால் ஞாபகசக்தி பெருகுமா? 1980இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரசியமானது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஒருமுறை கேட்டு ஏழு இலக்கம் மட்டும் திருப்பிச் சொல்லக்கூடிய சாதாரண மாணவர் ஒருவர் 230 மணி நேரம்போலப் பயிற்சி செய்தார். கடைசியில் 79 இலக்கம் சொன்னார். அவர் ஓட்டக்காரர், 3492 என்று கேட்டால் ஒரு மைல் ஓட்டத்தின் நேரம், 3 நிமிடம் 49.2 வினாடி, என்று முடிச்சுப் போட்டுக்கொள்வார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். பழையபடி ஆறுக்கு வந்துவிட்டார். பெருகியது ஞாபகசக்தி அல்ல, முடிச்சுப் போடும் கைவித்தை. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில், ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலரின் மரபிலும், கேள்விகளுக்கு நடுவே முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டே இருப்பது ஓர் அங்கம். வழித்துணையோடு பேசிக்கொண்டே காலடி எண்ணியவருக்கு அந்த மேடை புரிந்திருக்கும்.

நைன் சிங்குக்கு 1877இல் லண்டனின் ராயல் புவியியல் கழகம் தங்கப்பதக்கம் கொடுத்தது. அதே சர்வே துறைக்காக நடந்த கிந்துப்புக்கு அப்படி நடக்கவில்லை. சிக்கிமைச் சேர்ந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திபெத்தின் சாங்போதான் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்று கண்டறிய 1880இல் ஒரு லாமாவுக்குத் துணையாக அனுப்பப்பட்டார். லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பினார் கிந்துப், ஊர் திரும்பவில்லை, வேலையை முடிக்கப் போனார். 500 மரக்கட்டைகளை வெட்டி, அடையாளம் பொருத்தி ஒளித்துவைத்தார். இன்ன தேதியில் ஆற்றில் விடுகிறேன், கீழே ஆள் நிறுத்துங்கள் என்று வேறொருவரை எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். கடிதம் யாருக்குப் போயிற்றோ அந்த அதிகாரி இந்தியாவை விட்டே போயிருந்தார்.

குறித்த நாளில் கிந்துப் கட்டைகளை ஆற்றில் விட்டார். நாளுக்கு 50, பத்து நாள். கணக்கு தவறவில்லை. கீழே, அஸ்ஸாம் கரையில், எண்ணுவதற்கு யாரும் நிற்கவில்லை.