கோப்பை மறைந்தது, பொய்யும் ஒழிந்தது

1974-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 20-ந் தேதியன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பிஷப்ஸ் ஸ்டார்ட்போர்டு கோஷ்டியார் இல்போர்டு கோஷ்டியாரை நான்கு கோலுக்கு ஒன்றாக முறியடித்தனர். வென்றவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஆனால் அந்தக் கோப்பைக்காக இனி ஒருவரும் ஆடப்போவதில்லை. தோற்றவர் விலகி வென்றவர் மேற்செல்லும் முறையில், 1893-ல் தொடங்கி யுத்த காலங்கள் நீங்கலாக நடந்துவந்த இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பைப் பந்தயம் அந்தப் பருவத்தோடு முற்றுப்பெற்றது. அமெச்சூர் என்றும் தொழில்முறையாளர் என்றும் ஆட்டக்காரர்களைப் பிரித்து வைத்திருந்த விதியையே கால்பந்துச் சங்கம் நீக்கிவிட்டது. இது நியாயமா, அநியாயமா என்பதே நாம் ஆராயப் புகும் விஷயம்.

இந்தக் கோப்பை பிறந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதைச் சங்கம் அனுமதித்தது. அதன்பின் பெரிய கோப்பை, சம்பளக் கோஷ்டிகளின் தனிச்சொத்தாயிற்று. ஊதியமின்றி ஆடியவர்களுக்கென்று தனிப் பந்தயம் ஏற்பட்டது. 1894-ல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் காஷுவல்ஸ் கோஷ்டியை 2-1 என்று வென்றவர்கள், சார்ட்டர்ஹவுஸ் என்னும் பெரிய பள்ளியின் பழைய மாணவர்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பளமின்றி ஆடுவது ஒரு தியாகமா? அன்று, அது அவர்களுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கே ஒழுக்கம் என்று பெயர் சூட்டப்பட்டது.

கோப்பையோ அவர்கள் கையில் நெடுநாள் தங்கவில்லை. வடக்கே டர்ஹாம் நிலக்கரிச் சீமையைச் சேர்ந்த பிஷப் ஆக்லண்டு கோஷ்டி அதனைப் பத்து முறை வென்றது. 1955, 1956, 1957 ஆகிய மூன்று வருஷங்களிலும் தொடர்ச்சியாக வென்றது. 1951-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சேர்ந்து அமைத்த பெகாஸஸ் கோஷ்டி அதே பிஷப் ஆக்லண்டை 2-1 என்று வென்றபோது, ஒரு லக்ஷம் பேர் வெம்ப்ளியில் கூடியிருந்தார்கள்.

ஆனால் உழைத்துப் பிழைப்பவன் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போகிறது. அந்த நஷ்டத்தை ஈடு செய்வதுகூடக் குற்றம் என்றே சங்கத்தார் சாதித்தனர். இந்த ஒரு விஷயத்தில் ஏற்பட்ட பிணக்கினால் 1928-ல் உலகக் கால்பந்துச் சம்மேளனத்திலிருந்தே பிரிட்டிஷ் சங்கங்கள் வெளியேறின, 1946-ல்தான் திரும்பின. விளைவு என்ன? வாசல் வழியாக வர முடியாத பணம் கொல்லைப்புறமாக வந்தது. ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது பாதரட்சைக்குள் நோட்டுகள் கிடந்தன. கணக்கிலே அது வழிச்செலவு என்று பதிவாயிற்று. கொடுத்தவனும் சொல்லமாட்டான், வாங்கியவனும் சொல்லமாட்டான். வாதியும் சாட்சியும் இல்லாத குற்றத்தை எந்த நீதிமன்றத்தில் ரூபிப்பது?

சட்டம் மீறப்படுகிறது என்பதற்காகச் சட்டத்தையே ஒழிப்பதா, திருட்டு நடக்கிறது என்பதற்காகத் திருட்டுச் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பர். கேள்வி சாமர்த்தியமானதே. ஆயின் திருட்டில் பொருளை இழந்தவன் ஒருவன் இருக்கிறான். உழைப்புக்கு ஊதியம் பெற்றதில் இழந்தவன் யார்? இழந்தவன் ஒருவன் உண்டு. அவன் சட்டத்துக்குப் பணிந்து, யோக்கியமாக நடந்த கோஷ்டிக்காரன். இரகசியமாகக் கொடுத்தவன் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டான், கொடாதவன் கைவிடப்பட்டான். யோக்கியனைத் தண்டித்து அயோக்கியனுக்குப் பரிசளிக்கும் சட்டம் இருப்பதைக் காட்டிலும் இல்லாதிருப்பது மேல்.

சம்பளம் வாங்கினால் விளையாட்டின் மீதுள்ள அன்பு குன்றிவிடும் என்பதும் ஆதாரமற்ற பேச்சு. 1958-ம் வருஷம் பிப்ரவரியில் ம்யூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டி தன் வாலிபர்களைப் பறிகொடுத்துத் தவித்தபோது, பிஷப் ஆக்லண்டு தன் வீரர்கள் மூவரை அனுப்பிக் கைகொடுத்தது. அவர்களுள் ஒருவரான வாரன் பிராட்லி பள்ளி ஆசிரியர். அமெச்சூராக இங்கிலாந்துக்கு ஆடியவர். அவரே பின்னர் சம்பள ஆட்டக்காரராகி, 1959-ல் இங்கிலாந்தின் முழுக் கோஷ்டியிலும் ஆடினார். சம்பளம் வாங்குமுன் உத்தமராயிருந்தவர், வாங்கியபின் தாழ்ந்துவிட்டாரா? அவருடைய கால் மாறவில்லை, உள்ளமும் மாறவில்லை. பதிவேட்டில் ஒரு சொல்தான் மாறிற்று.

இருப்பினும் இழப்பே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சிறிய ஊரிலே கடைக்காரரும் கணக்கரும் சேர்ந்து அமைத்த ஒரு கோஷ்டிக்கு, தேசத்தின் தலைசிறந்த மைதானத்தில் ஆடும் பாக்கியத்தை இந்தக் கோப்பை அளித்தது. நல்லவேளையாக அந்த வழி அடைபடவில்லை. பெரிய லீக்கில் சேராத கோஷ்டிகளுக்கென்று 1969-ல் டிராபி பந்தயமும், 1974-ல் சிறிய கோஷ்டிகளுக்கு வேஸ் பந்தயமும் தொடங்கின. கடைசி அமெச்சூர் கோப்பையை வென்ற பிஷப்ஸ் ஸ்டார்ட்போர்டே 1981-ல் டிராபியையும் வென்றது. 1929, 1930 வருஷங்களில் அடுத்தடுத்துக் கோப்பையைப் பெற்ற இல்போர்டோ, 1979-ல் லெய்ட்டன்ஸ்டோனுடன் இணைந்து தன் தனிப் பெயரை இழந்தது.

ஊதியம் கருதாது ஆடுவது உயர்ந்த விரதம். அதனை மனமுவந்து மேற்கொள்பவனை நாம் வணங்குகிறோம். ஆனால் விரதம் என்பது தானே ஏற்பது. வயிறு நிறைந்தவன் அதைச் சட்டமாக்கிப் பசித்தவன்மேல் சுமத்தினால் அதற்கு விரதம் என்று பெயரன்று. பட்டினி என்று பெயர். இந்த வேற்றுமையை உணரச் சங்கத்தாருக்கு எண்பது வருஷங்கள் பிடித்தன. விளையாட்டை நடத்தும் எந்தத் தேசத்தாரும் அத்தனை காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.